வெள்ளையா, புகையூட்டியதா: வீட்டில் செய்யும் போலந்துச் சாசேஜ்

போலந்து மொழியில் ‘கியெவ்பாசா’ என்பது எல்லாச் சாசேஜுக்கும் பொதுவான பெயர். அதை வீட்டில் செய்ய விரும்புகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, ஈஸ்டர் காலையில் ‘ஜூரெக்’ எனும் புளித்த கம்புமாவுச் சூப்போடு பரிமாறப்படும் ‘ப்யாவா’ எனும் வெள்ளை வகையைச் செய்வதா, ‘வியெய்ஸ்கா’ எனும் நாட்டுப்புறப் புகை வகையைச் செய்வதா என்பதுதான். இரண்டையும் செய்து பார்த்த பிறகு நான் வெள்ளை வகையையே தேர்ந்துகொண்டேன்.

பன்றித் தோள்பட்டை இறைச்சி, பன்றிக்குடல் உறை, பூண்டு, மிளகு ஆகியவை இரண்டுக்கும் பொது. இறைச்சியை நன்றாகக் குளிரவைத்து அரைப்பதும், கையில் ஒட்டும் பதம் வரும்வரை பிசைவதும் பொதுவே. என் முடிவுக்குக் காரணமாக இருந்தது உப்பு.

புகைக்கூண்டின் மிதமான வெப்பத்தில், உறைக்குள் காற்று எட்டாத நிலையில், இறைச்சி பல மணி நேரம் கிடக்கிறது. பொட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளர அது ஏற்ற சூழல் என்பதால், புகை வகைக்கு அதைத் தடுக்கும் நைட்ரைட் எனும் வேதிப்பொருள் கலந்த உப்பு தேவைப்படுகிறது. போலந்தில் ‘பெக்லோசுல்’ என்ற பெயரில் விற்கும் உப்பில் நைட்ரைட் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம்தான். அதனால் அங்குள்ள செய்முறைகள் சாதாரண உப்புக்குப் பதிலாகவே அதை கிலோவுக்கு 18 கிராம் அளவில் சேர்க்கச் சொல்கின்றன. அமெரிக்கச் செய்முறைகளில் வரும் இளஞ்சிவப்புப் பதப்படுத்தும் உப்பிலோ (இந்துப்பு அன்று) நைட்ரைட் 6.25 சதவீதம், கிலோவுக்கு 2.5 கிராம் போதும், மீதிச் சுவைக்குச் சாதாரண உப்பைத் தனியே சேர்ப்பார்கள். போலந்துச் செய்முறையைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்க உப்பை 18 கிராம் கொட்டினால், இறைச்சியில் நைட்ரைட் பத்து மடங்காகி உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகவே புகை வகைச் செய்முறை எதைப் படித்தாலும், அது எந்த உப்பைக் குறிக்கிறது என்பது தெளிவாகும்வரை தராசைத் தொடக் கூடாது. பெக்லோசுல் பார்வைக்குச் சமையல் உப்பைப் போலவே வெண்மையாக இருக்கும். பெயர் எழுதி, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

வெள்ளை வகையில் இந்தக் கவலையே இல்லை. ஒரு கிலோ இறைச்சிக்குச் சமையல் உப்பு 17 கிராம், மிளகு 2 கிராம், நசுக்கிய பூண்டு 4 கிராம், உலர்ந்த மார்ஜோரம் 1 கிராம், குளிர்ந்த நீர் 100 மில்லி என்பது என் அளவு. மார்ஜோரம் வேறெதுவும் அன்று, நம் ஊரில் பூச்சரத்தோடு சேர்த்துக் கட்டும் மருவுதான். பொடியாக வாங்கினால் மணம் விரைவில் போய்விடுகிறது. இலையாக வாங்கிச் சேர்க்கும் நேரத்தில் உள்ளங்கையில் கசக்கிப் போடுவதே சரி. கடைகளில் கிடைக்கும் ஆயத்தக் கலவைகளில் பெரும்பாலும் உப்பும் சேர்ந்தே இருப்பதால், மசாலாவைக் கூட்டினால் உப்பும் கூடிவிடுகிறது. தனித்தனியாக வாங்குவதையே விரும்புகிறேன். அடைத்த சாசேஜைக் கொதிக்கவிடாமல் 80 டிகிரி நீரில் வைத்து, உள்வெப்பம் 72 டிகிரியை எட்டியதும் எடுத்துவிடலாம். சமைக்காமல் வைப்பதானால் குளிர்பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காமல் உறைய வைத்துவிட வேண்டும். புகை வகை இதைவிட நெடுநாள் தாங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புகையூட்டியது நான் இரண்டே முறை, அதுவும் இரவல் கூண்டில் என்பதால், அதன் சுவையைப் பற்றிய என் தீர்ப்பை அந்த அளவுக்கே கொள்ள வேண்டும். பீச் (beech) மரப் புகையில் வந்த நிறமும் மணமும் வெள்ளை வகைக்கு என்றும் வாய்க்காதவை. கிராக்கோவ் அருகே லிஷ்கி, செர்னிஹுஃப் வட்டாரங்களில் தொடையிறைச்சியைப் பெரிய துண்டுகளாகவே அடைத்துப் புகையூட்டிச் செய்யும் ‘லிசியெட்ஸ்கா’வுக்கு 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. அத்தகைய சாசேஜை நான் தேர்ந்த கைகளிடமிருந்து வாங்கிக்கொள்கிறேன். வீட்டு அடுப்பில் ஏறுவது வெள்ளைதான்.