முடிவைச் சொல்லும் ரூட்டரும் ஆதாரத்தைக் காட்டும் ரூட்டரும்: ரிப், ஓஎஸ்பிஎஃப், பிஜிபி

ரிப், ஓஎஸ்பிஎஃப், பிஜிபி: எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி என்று ரூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மூன்று நெறிமுறைகள். இந்த மூன்றையும் ஒப்பிடும் அட்டவணை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். போர்ட் எண், ஹாப் (ஒரு ரூட்டரிலிருந்து அடுத்ததற்கான தாவல்) வரம்பு, வேகம் என்று கட்டம் கட்டமாக. தேர்வுக்குப் போதும். இரவு இரண்டு மணிக்கு ஒரு வழி திடீரென்று காணாமல் போனால் அது கைகொடுக்காது. அப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த ரூட்டர் பக்கத்து ரூட்டரிடம் எதைச் சொன்னது? தான் எட்டிய முடிவையா, அந்த முடிவுக்கான ஆதாரத்தையா?

ரிப் முடிவை மட்டும் சொல்லும். 1988-இல், இணைய நெறிமுறைகளைப் பதிந்துவைக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில், ஆர்எஃப்சி 1058 ஆக எழுதப்பட்டது; அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. யூடிபி 520-ஆம் போர்ட்டில், 30 விநாடிக்கு ஒரு முறை, தன் வழிப்பட்டியல் முழுவதையும் அண்டை ரூட்டர்களிடம் ஒப்பிக்கும். ஒரு மெசேஜில் 25 வழிகள் வரை அடங்கும். “அந்த நெட்வொர்க் எனக்கு 3 ஹாப் தூரம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எதன் வழியாக 3 என்று கேட்டால் பதில் இல்லை.

இதில் வரும் வம்பைப் பார்க்க இரண்டு ரூட்டர்கள் போதும். ஆ-வோடு நேரடியாக இணைந்த ஒரு நெட்வொர்க். ஆ-வுக்கு அது 1, அதன் வழியாகப் போகும் அ-வுக்கு 2. அந்த நெட்வொர்க் அறுந்துபோகிறது. ஆ செய்தி சொல்வதற்குள் அ முந்திக்கொண்டு “எனக்கு 2-இல் வழி இருக்கிறதே” என்கிறது. அந்த வழியே தன் வழியாகத்தான் போனது என்பது ஆ-வுக்குத் தெரியாது. நம்பி 3 என்று குறித்துக்கொள்கிறது. அதைக் கேட்டு அ 4 என்கிறது. பிறகு 5, 6... 16 வரை ஏறினால்தான் “இனி வழி இல்லை” என்று இரண்டும் ஒப்புக்கொள்ளும். 15 ஹாப் வரம்பு வைக்கப்பட்டதே இந்த ஏற்றத்தை எங்காவது நிறுத்தத்தான். யாரிடம் கற்றோமோ அவரிடமே திருப்பிச் சொல்லாதே என்ற விதி இரண்டு ரூட்டர் கதையைத் தீர்க்கும். மூன்று ரூட்டர்கள் வட்டமாக நின்றால் அதுவும் ஏமாந்துவிடும். பயிற்சிக் கூடத்துக்கு வெளியே இன்று ரிப்பைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஓஎஸ்பிஎஃப், ‘தீர விசாரிப்பதே மெய்’ என்ற கட்சி. தூரத்தை அது யாரிடமும் சொல்வதில்லை. “என்னோடு இணைந்தவை இவை, ஒவ்வொன்றின் செலவு இவ்வளவு” என்று தன்னைப் பற்றிய உண்மையை மட்டும் வரிசை எண்ணோடு எழுதி விடுகிறது. அந்தக் குறிப்பை ஒவ்வொரு ரூட்டரும் திருத்தாமல் அடுத்தவருக்குக் கடத்தும். ஒரே பகுதிக்குள் (நெட்வொர்க்கைப் பிரித்து வைத்த ஒரு பிரிவு) இருக்கும் எல்லோர் கையிலும் ஒரே வரைபடம். அதன் மேல், குறைந்த செலவுப் பாதையைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ராவின் வழிமுறையை அவரவர் ஓட்டி, அவரவர் வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

இதற்காக ஐந்து வகை மெசேஜ்கள். ஹலோ பாக்கெட் பொதுவாக 10 விநாடிக்கு ஒன்று. 40 விநாடி சத்தமில்லை என்றால் அண்டையர் போய்விட்டார் என்று கணக்கு. புதிதாகச் சந்திக்கும் இருவர், கையிலிருக்கும் குறிப்புகளின் தலைப்புகளை மட்டும் முதலில் மாற்றிக்கொள்வார்கள். தன்னிடம் இல்லாததை ஒருவர் கேட்பார், மற்றவர் அனுப்புவார், வாங்கியவர் ரசீது கொடுப்பார். ரசீது ஏன்? ஓஎஸ்பிஎஃப், அனுப்பியது சேர்ந்ததா என்று சரிபார்க்கும் டிசிபியின் மேலோ, அப்படிச் சரிபார்க்காத யூடிபியின் மேலோ ஏறுவதில்லை. ஐபி-க்கு நேர் மேலே, நெறிமுறை எண் 89 ஆக ஓடுகிறது. போய்ச் சேர்ந்ததா என்பதைத் தானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். புதியவர்களைப் பாடாய்ப் படுத்துவதும் இந்தத் தலைப்பு மாற்றும் கட்டம்தான்: இரு முனைகளிலும் எம்டியு அளவு (ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய உச்ச அளவு) வேறாக இருந்தால், ஹலோ அழகாகப் போய் வரும், உறவு மட்டும் பாதியிலேயே நிற்கும்.

ஐஎஸ்-ஐஎஸ் என்ற இன்னொரு வழி நெறிமுறை பற்றி ஒரு வார்த்தை. கொள்கை ஏறக்குறைய இதேதான், ஆனால் ஐபி-யைக்கூட நம்பாமல் இணைப்பு அடுக்கிலேயே நேரடியாக ஓடுகிறது. ஐபி-யின் புதிய பதிப்பான ஐபிவி6 வந்தபோது ஓஎஸ்பிஎஃப் மூன்றாம் பதிப்பு எடுக்க நேர்ந்தது; ஐஎஸ்-ஐஎஸ் மெசேஜுக்குள் புதுப் பெட்டிகளைச் சேர்த்ததோடு வேலை முடிந்தது. அந்த வடிவமைப்பின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை கலந்த மரியாதை உண்டு.

ஆதாரத்தோடு பேசுவது இவ்வளவு நல்லது என்றால், உலகம் முழுவதையும் ஓஎஸ்பிஎஃப்பில் ஓட்டினால் என்ன? அளவு ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை, ஆதாரத்தைக் காட்ட யாரும் தயாராக இல்லை என்பது. எந்த நிறுவனமும் தன் உள்வரைபடத்தைப் போட்டியாளரிடம் கொடுக்காது. ‘குறைந்த செலவு’ என்ற ஒரே அளவுகோலையும் எல்லோரும் ஏற்க மாட்டார்கள். பணம் தரும் வாடிக்கையாளர் வழியாகப் போவது, தூரம் கூடினாலும் லாபம்.

பிஜிபி இங்கேதான் நுழைகிறது. 1989-இல் கிர்க் லோஹீடும் யாகோவ் ரெக்டரும் மதிய உணவு மேசையில், கை துடைக்கும் தாள்களில் வரைந்த யோசனை. நான்காம் பதிப்பு இன்றும் இணையத்தைத் தாங்குகிறது. ரிப்பைப் போல இதுவும் முடிவைத்தான் சொல்கிறது, ஆனால் கூடவே எந்தெந்தத் தன்னாட்சி அமைப்புகள் (ஒரே நிர்வாகத்தின் கீழ், தனி எண்ணோடு இயங்கும் நெட்வொர்க்குகள்) வழியாக வந்தது என்ற முழுப் பாதையையும் சேர்த்துச் சொல்கிறது. பாதையில் தன் எண்ணையே கண்டால் அந்தச் செய்தியைத் தூக்கி எறிந்துவிடலாம். 16 வரை எண்ண வேண்டிய அவலம் இல்லை.

பேச்சு முழுக்க டிசிபி 179-ஆம் போர்ட்டில் நடப்பதால் ரசீதுக் கவலை இல்லை. ஓப்பன் மெசேஜில் அறிமுகம். எதிர்முனை பேசாமல் எவ்வளவு நேரம் பொறுப்பது என்ற காத்திருப்பு நேரமாக, இருவர் சொன்னதில் சிறியதே நிலைக்கும். பிறகு அப்டேட்டில் புதிய வழிகளும் திரும்பப் பெறும் வழிகளும். எதுவும் மாறவில்லை என்றால் வெறும் 19 பைட் கீப்அலைவ், ‘இருக்கிறேன்’ என்று மட்டும். 30 விநாடிக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் ஒப்பிக்கும் ரிப்புக்கு நேர் எதிர். லட்சக்கணக்கான வழிகள் கொண்ட பட்டியலுக்கு வேறு முறை கட்டுப்படியாகாது.

நோட்டிஃபிகேஷன் வந்தால் உறவு முறிந்தது என்று பொருள். பழைய விதி ரொம்பக் கறார்: ஒரு அப்டேட்டில் பிழை இருந்தாலும் நோட்டிஃபிகேஷன் அனுப்பி இணைப்பையே வெட்டு. ஒரு வழியில் பிசகு, பல லட்சம் வழிகள் காலி. 2015-இல் ஆர்எஃப்சி 7606 இதைத் தளர்த்தி, பெரும்பாலான பிழைகளுக்கு அந்த வழியை மட்டும் கைவிட்டால் போதும் என்றது.

ஆனாலும் சொன்னதை நம்பும் குணம் போகவில்லை. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், உள்நாட்டில் யூடியூபைத் தடுப்பதற்காக 208.65.153.0/24 என்ற வழியை அறிவித்தது. அது மேல்நிலை நிறுவனம் வழியாக உலகத்துக்குக் கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது /22. சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் பெரிதாக இருந்தால், அந்த வழி அடக்கும் முகவரிகள் குறைவு. குறைந்த முகவரிகளைக் குறிப்பாகச் சுட்டும் வழிக்கே முன்னுரிமை என்பதால் யூடியூபுக்கான உலகப் போக்குவரத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் தவறான திசையில் போனது. இன்றைய ஆர்பிகேஐ சரிபார்ப்பு, ஒரு வழியை முதலில் அறிவிக்க உரிமை உள்ளவர் யார் என்று பார்க்கும். நடுவில் உள்ள பாதை உண்மையா என்பதை அது பார்க்காது.

ஆகவே தேர்வு இப்படி: ஒரே நிர்வாகத்தின் கீழ், ஒருவரை ஒருவர் நம்பும் ரூட்டர்களுக்கு ஓஎஸ்பிஎஃப் அல்லது ஐஎஸ்-ஐஎஸ், எல்லையில் பிஜிபி. எல்லையில் கற்ற முழு பிஜிபி பட்டியலை ஓஎஸ்பிஎஃப்புக்குள் கொட்டாதீர்கள், உள்ளே இருக்கும் சின்ன ரூட்டர்கள் மூச்சுத் திணறும். இதற்கு ஒரு விதிவிலக்கு, பெரிய தரவு மையங்கள். எல்லாம் ஒரே நிர்வாகம்தான், இருந்தும் உள்ளே பிஜிபியையே ஓட்டுகிறார்கள். 2016-இன் ஆர்எஃப்சி 7938 அதை விவரிக்கிறது. ஆயிரக்கணக்கான சுவிட்சுகள் நெருக்கமாகப் பின்னிய இடத்தில் ஓர் இணைப்பு அறுந்தால், ஓஎஸ்பிஎஃப் அந்தச் செய்தியைப் பகுதி முழுக்கப் பரப்பும். பிஜிபியில், சிறந்த வழி மாறாத ரூட்டர் அதைத் தாண்டி எதையும் சொல்லாது.