பிடினை விட என்னைப் படுத்தியது பெயர்தான்

பெங்களூரில் இருந்துகொண்டு அமெரிக்க வரி ரிட்டன் தயாரிப்பது என் தொழில். புதிதாக வருகிறவர்கள் முதலில் பயப்படுவது பிடின் எண்ணுக்கு, அதாவது ரிட்டன் தயாரிப்பவருக்கு அமெரிக்க வரித்துறை தரும் அடையாள எண்ணுக்கு. உண்மையில் அது சாதாரணம்.

காசு வாங்கிக்கொண்டு ரிட்டன் தயாரிக்கிற எல்லோருக்கும் 2011 முதல் இது கட்டாயம். பி எழுத்தும் எட்டு இலக்கமும். ஒவ்வொரு டிசம்பர் 31-லும் காலாவதியாகும். ஆன்லைனில் சீக்கிரம் புதுப்பித்துவிடலாம். கட்டணம்தான் கூத்து. 2017-ல் நீதிமன்றத் தீர்ப்பால் நின்றது, 2021-ம் ஆண்டுக்கு 35.95 டாலராகத் திரும்பி வந்தது, 2024-க்கு 19.75 ஆனது. சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு ஆளுக்குத் தரும் எண்) இல்லாத நம்மைப் போன்றவர்கள் முதல் தடவை 8946 படிவமும் அடையாள ஆவணங்களும் அனுப்ப வேண்டும். இதை ஜனவரியில் ஆரம்பித்தால் சீசனே போய்விடும், முந்தைய ஆகஸ்டிலேயே அனுப்பிவிடுங்கள்.

பிடின் இருந்தால் ரிட்டனை ஆன்லைனில் தாக்கல், அதாவது இ-ஃபைல் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கு இஃபின் வேண்டும், அது நிறுவனத்துக்குத் தரும் எண். நாங்கள் தயாரிப்பதெல்லாம் அமெரிக்க ஆபீஸின் இஃபினில்தான் போகிறது.

இனி நிஜமான தலைவலி. ரிட்டனில் உள்ள கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்துகள் சோஷியல் செக்யூரிட்டி பதிவோடு பொருந்த வேண்டும். நம் ஆட்களுக்கு ஏது கடைசிப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. விசாவில் சொந்தப் பெயர் கடைசிப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியாது) என்று நிற்கும். கம்பெனி ஹெச்ஆர், டபிள்யூ-2 என்கிற சம்பளச் சான்றில் அப்பா பெயரைப் போட்டிருப்பார். அதைப் பார்த்து அப்படியே அடித்தால் ரிட்டன் திரும்பி வரும். ஆகவே சோஷியல் செக்யூரிட்டி கார்டில் உள்ள பெயரை மட்டும் நம்புங்கள், டபிள்யூ-2-வை நம்பாதீர்கள். இதில் இன்னொரு வேடிக்கை, வெளிநாட்டுக்கு வரும் ஆவணங்களில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை மறைக்க வேண்டும் என்பது விதி. அதனால் பெயரை மட்டும் நாங்கள் சரிபார்ப்போம், எண்ணை அங்கிருப்பவர் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே மெயில் பறக்கும்.

கடைசி நாளில் அனுப்பித் திரும்பினால் திருத்தி அனுப்ப ஐந்து நாள் உண்டு. ஹெச்-4 என்கிற சார்பு விசாவில் உள்ள மனைவிக்கு ஐடின் (சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காதவருக்கான வரி எண்) இல்லையா? அப்படியானால் அதற்கான விண்ணப்பமான டபிள்யூ-7 இணைத்துக் காகிதத்திலேயே அனுப்புங்கள். அந்த ரிட்டனுக்கு இ-ஃபைல் கிடையாது. ரீஃபண்ட் எப்போது என்று கிளையண்ட் கேட்டுக்கொண்டே இருப்பார், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.