மலிவு வேட்டை ரைபிளுக்கு மாற்று ட்ரிகர்: யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்

கைப்பிடியை இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும், விலை குறைந்த போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்களில் பேரலைக் குறை சொல்ல அதிகம் இருக்காது. கம்பெனிகள் கையை இறுக்குவது ஸ்டாக்கிலும் (பேரலைத் தாங்கும் கட்டை) ட்ரிகரிலும்தான். ரைபிளின் எடையே 3 கிலோ சொச்சம். பழைய சாவேஜ் ஆக்ஸிஸின் ட்ரிகரோ 6 பவுண்டு, அதாவது 2.7 கிலோ அழுத்தம் வரை கேட்கும். அவ்வளவு அழுத்தும்போது குறி நகராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாற்று ட்ரிகர் தேட இது நியாயமான காரணம். ஆனால் தேடுகிற பலருக்கு அது தேவையே இல்லை.

முதலில் கையில் இருப்பதைப் பாருங்கள். ரூகர் அமெரிக்கனில் வரும் மார்க்ஸ்மேன் ட்ரிகரை 3 முதல் 5 பவுண்டுக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஸ்டாக்கைக் கழற்றினால் அதற்கான திருகு தெரியும். மாஸ்பெர்க் பேட்ரியட்டின் எல்பிஏ ட்ரிகர் 2 முதல் 7 பவுண்டு வரை இடம் தருகிறது. ஆக்ஸிஸ் 2 வாங்கியவர்களுக்கு அக்யூட்ரிகர் (இழுப்பைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சாவேஜின் ட்ரிகர்) ஏற்கெனவே உண்டு. இந்த மூன்றுக்கும் காசு செலவழிக்கும் முன் திருகைத் திருப்பிப் பார்ப்பது புத்திசாலித்தனம். ஹோவா 1500-இல் வருவது இரண்டு கட்ட ட்ரிகர்: முதலில் லேசாக நகரும், பிறகு இறுகி நின்று விடுபடும். முதல் கட்டத் தளர்வைப் பழுது என்று நினைத்து மாற்றுகிறவர்கள் உண்டு, பாவம்.

அக்யூட்ரிகரைப் பற்றி இன்னொன்று. நடுவில் உள்ள தகட்டை அழுத்தாமல் ட்ரிகரின் ஓரத்தை மட்டும் இழுத்தால் சியர் (தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின்னைப் பிடித்து வைக்கும் கொக்கி) நழுவி, பாதியிலேயே தடுக்கப்படும். குண்டு வெடிக்காது, போல்ட் கைப்பிடியைத் தூக்கி மறுபடி காக் செய்ய, அதாவது சுடத் தயார் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தடித்த கையுறை போட்டவர்கள் இதைத் தோட்டாவின் குறை என்று நினைப்பதுண்டு.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் பவுண்டு எண்ணைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். 4 பவுண்டில் சட்டென்று விடுபடும் ட்ரிகர், இரண்டரை பவுண்டில் மண்ணை அரைப்பதுபோல நகரும் ட்ரிகரைவிட எவ்வளவோ மேல். அந்த நகர்வுக்குத்தான் க்ரீப் என்று பெயர். சியரும் ட்ரிகரும் எவ்வளவு ஆழமாகக் கவ்வியிருக்கின்றன, கவ்வும் பரப்பு எவ்வளவு வழவழப்பானது என்பதைப் பொறுத்தது அது. ஸ்பிரிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே சில ரூபாயில் கிடைக்கும் மெல்லிய ஸ்பிரிங் எடையைக் குறைக்கும், க்ரீப்பை அப்படியே விட்டுவிடும். பழைய ஆக்ஸிஸுக்கு அதுவே போதும் என்றால் தாராளமாகப் போடலாம். இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்குவது மட்டும் கூடாது. ட்ரிகர் முழுதாகத் திரும்பி வராமல் சியரை அரைகுறையாகப் பிடிக்கும். சியரைக் கல்லில் தேய்ப்பதும் அப்படித்தான். கடினப்படுத்திய மேல் அடுக்கு மெல்லியது. அது போனால் அடியில் இருக்கும் மென்மையான இரும்பு தேயத் தேய ட்ரிகரின் நடத்தையும் மாறிக்கொண்டே போகும்.

முழு ட்ரிகர் என்றால் முதலில் அடிபடும் பெயர் டிம்னி. 1946-இல் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனி. ஆக்ஸிஸ், ஹோவா என்று மலிவு ரைபிள்களுக்கும் செய்கிறது. அந்தப் பரந்த பட்டியல்தான் அதன் பெரிய பலம். ரெமிங்டன் 700 வகை ட்ரிகர் பொருந்தும் ரைபிள் (700 ஏடிஎல், பெர்கரா பி-14 போன்றவை) வைத்திருப்பவர்களுக்கு என் ஓட்டு கனடாவின் ட்ரிகர்டெக்குக்கு. சியருக்கும் ட்ரிகருக்கும் நடுவே ஒரு உருளை இருப்பதால் உரசலுக்குப் பதில் உருளல் நடக்கிறது. க்ரீப் விரலுக்குத் தெரிவதே இல்லை. அவர்களுடைய ப்ரைமரி மாடல் ஒன்றரை முதல் 4 பவுண்டு வரை போகும். வேட்டைக்கு அதுவே தாராளம். அவுன்ஸ் கணக்கில் இறங்கும் டயமண்ட் மாடல் பெஞ்சில் உட்கார்ந்து சுடுகிறவர்களுக்கு. குளிரில் மரத்த விரலும் படபடக்கும் நெஞ்சும் சேர்ந்தால் இரண்டு பவுண்டுக்குக் கீழே ஆபத்து. இரண்டரை முதல் மூன்றரை வரை வையுங்கள்.

ஆர்டர் போடும் முன் மூன்று விஷயங்கள்: சேஃப்டி லீவர் வலப்பக்கமா இடப்பக்கமா, போல்ட் ரிலீஸ் (போல்ட்டைக் கழற்ற அழுத்தும் பகுதி) ட்ரிகரோடு சேர்ந்து வருகிறதா, தனியாக இருக்கிறதா, அக்யூட்ரிகர் உள்ள ரைபிளா, இல்லாததா. கடைசியில் சொன்னதில்தான் அதிகம் பேர் தவறான பார்சலைப் பிரிக்கிறார்கள்.

பொருத்தும் வேலை பெரும்பாலும் இரண்டு பின்களைத் தட்டி எடுப்பதுதான். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, மேகசினையும் போல்ட்டையும் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று விரலால் தொட்டும் பாருங்கள். ரெமிங்டன் 700-இல் பின் வெளியே வந்ததும் போல்ட் ஸ்டாப்பும் அதன் குட்டி ஸ்பிரிங்கும் துள்ளி ஓடும். கீழே ஒரு துணி விரியுங்கள். புதிய ட்ரிகர் உட்கார்ந்த பிறகு ஸ்டாக்கை மாட்டி, லீவரும் ட்ரிகர் நாக்கும் பிளாஸ்டிக்கில் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் ஸ்டாக்கைச் சுரண்டலாம். ட்ரிகரை அரம் கொண்டு தொடக் கூடாது.

பிறகு சோதனை, காலித் துப்பாக்கியில். போல்ட்டை வேகமாக அடித்து மூடுங்கள், பத்து முறை. காக் செய்த நிலையில் ஸ்டாக்கின் பட் அடிப்பகுதியை (தோளில் பதியும் முனை) ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். சேஃப்டியைப் போட்டு ட்ரிகரைப் பலமாக இழுத்து விடுங்கள். பிறகு ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். இந்த மூன்றில் எதிலாவது ஒரே ஒரு முறை ஃபயரிங் பின் விழுந்தாலும் அந்த ரைபிளில் தோட்டா ஏறக் கூடாது. சியர் கவ்வுதல் போதவில்லை என்று அர்த்தம். திருகைக் கூட்டுங்கள், அல்லது துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். இழுப்பு எடையை ட்ரிகர் வளைவின் நடுவில் கேஜை மாட்டி ஐந்து தடவை அளந்து சராசரி பாருங்கள். ஒன்றுக்கொன்று கால் பவுண்டுக்கு மேல் விலகினால் உள்ளே ஏதோ உரசுகிறது.

திருகுகளை நிலைநிறுத்த திரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போதும், அதுவும் திருகின் மேல் மட்டும். ரெமிங்டன் 2014-இல் எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர் ரைபிள்களைத் திரும்பப் பெற்றதற்குக் காரணமே, பொருத்தும்போது அதிகமாகப் போட்ட ஒட்டும் பசைதான். உள்ளே எண்ணெயும் வேண்டாம். குளிரில் கெட்டியாகிச் சியரைப் பிடித்துக்கொள்ளும். அழுக்கு சேர்ந்தால் லைட்டர் திரவத்தால் கழுவி உலர விட்டால் முடிந்தது.

ஸ்டாக்கைக் கழற்றி மாட்டியிருப்பதால், ஆக்‌ஷன் திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன டார்க்குக்கு (இறுக்க அளவு) இறுக்கி, வேட்டைக்குப் போகும் முன் ஜீரோவை (குறி வைத்த இடத்தில் குண்டு படுகிறதா என்பதை) மறுபடி சரிபாருங்கள். கழற்றிய பழைய ட்ரிகரைப் பின்களோடும் ஸ்பிரிங்குகளோடும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். ரைபிளை விற்கும்போது பழையதை மாட்டிக் கொடுத்துவிட்டுப் புதியதை அடுத்த ரைபிளுக்கு எடுத்துக்கொள்ளலாம், அதே வகை ஆக்‌ஷனாக இருந்தால்.