எங்கள் வாசகசாலைக்கு விளக்கு போட்டவர்கள்: வேலை சுத்தம், மழைக்கு மட்டும் மார்க் குறைவு

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வாசகசாலை ஒன்று இருக்கிறது. முகப்பில் உருண்டைத் தூண்கள், உள்ளே ரெட் ஆக்சைடு தரை, பர்மா தேக்குக் கதவு. அதற்கு விளக்கு வடிவமைத்துக் கொடுத்தது மதுரையில் இரண்டு பேர் நடத்தும் ஒரு சின்ன அலுவலகம். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், கமிட்டி என்னைத்தான் அவர்களோடு அலையவிட்டது.

“லைட்டு போட டிசைனர் எதுக்குண்ணே, நாலு ஃபோகஸத் தூக்கிக் கட்டுனா முடிஞ்சுச்சு” என்றார் பொருளாளர். முன்பு அப்படித்தான் இருந்தது. எதிர்ச்சுவரிலிருந்து நாலு 200 வாட் விளக்கு நேராக அடிக்கும். வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் நிழலே விழாததால் தூண்கள் உருண்டை என்பதே தெரியாது.

அந்த அலுவலகத்து இரண்டு பேரில் ஒருவரான பெண் வந்து முதலில் சொன்னது, “நாயக்கர் மகாலுக்கு நல்ல வெயில் நேரத்துல போய் அண்ணாந்து பாருங்க சார்.” போனேன். 1636-இல் கட்டிய அரண்மனை, அப்போது ஏது கரண்ட்? திறந்த முற்றத்தில் விழும் வெயில் தரையில் பட்டுத் தெறித்து, வளைவுகளின் அடிப்பக்கச் சுதை வேலையை எடுத்துக் காட்டுகிறது. இத்தனை வருடம் மதுரைக்குப் போய் வருகிறேன், இந்தக் கண்ணோடு அதைப் பார்த்ததில்லை.

அதே கணக்கைத்தான் எங்கள் கூடத்திலும் வைத்தார்கள். சுவர் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புக்கு, அதாவது கார்னிஸுக்கு மேலே விளக்கை மறைத்து, வெளிச்சத்தைக் கூரைக்கு அனுப்பி அங்கிருந்து கீழே இறக்கினார்கள். எங்கள் சுவர் முட்டைவெள்ளை கலந்து மெழுகிய வழவழப்புச் சுவர். நேராக அடித்தால் விளக்கின் பிம்பம் அதில் பளீரென்று விழுந்து, படிக்கிறவன் கண்ணைக் குத்தும்.

வாங்குவதற்கு முன்னால் ராத்திரியில் மூங்கில் கட்டி சாம்பிள் விளக்குகளைப் போட்டுக் காட்டினார்களே, கொடுத்த காசுக்கு அது ஒன்றே போதும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். 6500 கெல்வின் வெள்ளையில் கட்டடம் ஆஸ்பத்திரி மாதிரி ஆனது; 3000-இல் காரைக்கு உயிர் வந்தது. அப்புறம் ஒரே 3000-இல் இரண்டு விளக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்றில் சிவப்புத் தரை செத்துப்போய்ப் பழுப்பாகத் தெரிந்தது. மலிவு எல்.இ.டி.யில் சிவப்பைக் காட்டும் திறன் குறைவு, நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கான சி.ஆர்.ஐ. என்ற எண் அட்டையில் 80 என்று போட்டிருந்தாலும், அடர்சிவப்புக்கு மட்டும் தனியாக உள்ள ஆர்9 என்ற எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் உள்ளதை எடுத்தோம். நீலம் குறைந்த வெளிச்சம் என்பதால் மழைக்காலத்தில் ஈசலும் முன்னைப்போல மொய்ப்பதில்லை.

சுவரில் காடி வெட்டவே விடவில்லை. எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் ட்ரில்லோடு வந்து முகம் சுருங்கித் திரும்பினான். கேபிள் கார்னிஸ் மேலேயே ஓடுகிறது, தூணில் ரப்பர் வைத்த ஸ்டீல் பட்டை. நாளைக்குக் கழற்றினால் தடம் இருக்காது. காரையைக் கொத்திவிட்டு சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, சுற்றியுள்ளதும் உதிரும் என்பது எனக்கும் தெரியும். அதனால் நான் அவர்கள் பக்கமே நின்றேன். கலர் மாறும் விளக்கு கேட்ட பொருளாளருக்கு, திருவிழாவுக்கு சீரியல் செட் மாட்டிக்கொள்ள வெளியே தனி பிளக் பாயிண்ட். ஆள் சமாதானம்.

சரி, குறைக்கு வருகிறேன். தூணடியில் தரைக்குள் புதைத்த விளக்குகள். 10 டிகிரிக்கு மேல் விரியாத ஒடுங்கிய கதிர், கண் கூசாமல் தேன்கூட்டுத் தட்டி, எல்லாம் அருமை. தூசியும் தண்ணீரும் புகாத தரத்துக்கான எண் ஐ.பி. 67, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி தாங்கும். ஆனால் தாங்கும் என்பதற்காகத் தண்ணீரிலேயே ஊறப் போடலாமா? இவர்கள் கூட்டிவந்த ஆட்கள் குழிக்கடியில் ஜல்லி போடவில்லை, தண்ணீர் வடிய வழியும் விடவில்லை. ஐப்பசி அடைமழையில் இரண்டு விளக்கின் கண்ணாடிக்குள் ஆவி பூத்தது. போன் எடுத்தார்கள், பணிவாகப் பேசினார்கள், ஆள் வந்தது கார்த்திகை தீபம் முடிந்த பிறகுதான். மாற்றியதற்குக் காசு கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வடிவமைப்புக் கட்டணம் மட்டும் 60,000 ரூபாய், விளக்கு தனி. கமிட்டியில் இன்னும் முணுமுணுப்பு இருக்கிறது. என்னைக் கேட்டால் தகும். முன்பு 800 வாட் இழுத்தது, இப்போது உள்ளும் வெளியும் சேர்த்தே 350.

இவர்களிடமோ வேறு யாரிடமோ கொடுப்பவர்கள், குழி தோண்டும் அன்று கூடவே நில்லுங்கள். எந்த இடத்தில் எந்த விளக்கு, என்ன கோணம், எல்.இ.டி.க்கு கரண்ட் கொடுக்கும் டிரைவர் பெட்டியின் மாடல் என்ன என்று எழுதிய படம் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். எங்களுக்குக் கேட்டதும் கொடுத்தார்கள். லேமினேட் போட்டு மெயின் போர்டு கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.