பிர்பெனிடோனும் பூசெங் ஹுவாயூவும்: கொரோனாவுக்குப் பிந்தைய நுரையீரல் தழும்புக்கு எது?

பிர்பெனிடோன், காரணம் அறியப்படாத நுரையீரல் தழும்பு நோய்க்கு 2008இல் ஜப்பானிலும் 2014இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற மருந்து. பெரிய ஆய்வுகளில் அது மூச்சுத்திறன் குறையும் வேகத்தைத் தணித்ததே தவிர, விழுந்த தழும்பை அழிக்கவில்லை. குமட்டலும் வெயில் பட்டால் தோல் சிவந்து எரிவதும் அதன் பக்கவிளைவுகள்.

பூசெங் ஹுவாயூவோ, டான்ஷென் வேர், பீச் பருப்பு, கார்டிசெப்ஸ் பூஞ்சை உள்ளிட்ட ஆறு பொருள்களைக் கொண்டு ஷாங்காயில் கல்லீரல் தழும்புக்காக உருவாக்கப்பட்டு, பின்னர் கொரோனா நோயாளிகளின் நுரையீரலுக்கும் சோதிக்கப்பட்ட சீனக் கூட்டு மருந்து. வைரஸால் விழுந்த தழும்பு பலருக்குச் சில மாதங்களில் தானாகவே குறைவதால், போலி மாத்திரை பெற்ற குழுவோடு ஒப்பிடாத எந்த வெற்றிக் கணக்கையும், அது எந்த மருந்தைப் பற்றியதாக இருந்தாலும், நான் ஏற்பதில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்கள், டான்ஷென் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் பூசெங் ஹுவாயூவைத் தொடவே கூடாது.