வன்னிப் பனிக்கு ஒரு பெற்றோல் ஹான்ட் வோமர்

சிரிக்கிறவர்கள் முதலில் சிரித்து முடியுங்கள். வன்னியில் இருந்துகொண்டு, குளிரில் கை சூடாக்குகிற ஹான்ட் வோமரைப் பற்றி எழுதுகிறான் என்று கனடாவில் இருக்கிற என் சித்தப்பாவின் மகனே சிரித்தான், அதை வாங்கிக் கொண்டுவந்து தந்ததும் அவன்தான். அங்கே சைபருக்குக் கீழே இருபது பாகை, இங்கே சைபருக்கு மேலே இருபது பாகை, இதற்குப் போய் கை விறைக்கிறது என்கிறாயே அண்ணை என்று கேட்டான். அவனுக்கு வீட்டிலும் ஹீற்றர், காரிலும் ஹீற்றர். முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே இருக்கிற வயலில், நாலு பக்கமும் திறந்த காவல் கொட்டிலில், முன்னிரவு மழையில் நனைந்த சாரத்தோடு விடியும்வரை அசையாமல் குந்தியிருந்து பார்க்கட்டும், இருபது பாகை என்றால் என்னவென்று தெரியும். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகள் செத்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பட்டி வைத்திருந்தவர்களிடம் போய் வன்னியில் என்ன குளிர் என்று கேட்டுப்பாருங்கள்.

சரி, சாமானுக்கு வருவோம். சவர்க்காரக் கட்டி அளவில், மூலைகள் வளைந்த ஒரு மினுக்கிய உலோகப் பெட்டி. மேல்மூடியில் காற்றுப் போகச் சின்னச் சின்ன ஓட்டைகள். மூடியைக் கழற்றினால் பர்னர், பர்னரைக் கழற்றினால் உள்ளே முழுக்கப் பஞ்சு. பர்னரின் வாயில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரித் தெரிவது கண்ணாடி இழை, அதில்தான் பிளாற்றினம் படிந்திருக்கும், இந்தச் சாமானின் உயிரே அதுதான். கீழே ஊறியிருக்கிற எரிபொருள் ஆவியாகி மேலே வந்து அந்தப் பிளாற்றினத்தில் படும்போது, சுவாலை இல்லாமலே காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல மெல்ல எரிகிறது. சூடு வரும், கூடவே காபனீரொட்சைட்டும் கொஞ்சம் நீராவியும் வரும். புகையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. 1923 இல் ஜப்பானில் மத்தோபா என்பவர் செய்து விற்கத் தொடங்கிய ஹக்கின் கைரோதான் இந்த இனத்தில் மூத்தது, இன்றைக்கும் மூடியில் மயில் வடிவ ஓட்டைகளோடு வருகிறது. லைற்றருக்குப் பெயர் போன சிப்போவும் ஆறு மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம் என்று இரண்டு அளவில் விற்கிறது. என்னிடம் இருப்பது இரண்டும் இல்லை. பெட்டியில் பெயர்கூட இல்லாத, ஜப்பான்காரனுடையதைப் பார்த்து யாரோ அடித்த மலிவுப் பிரதி. அதனால் கீழே நான் சொல்கிற குறைகளைப் பெரிய பெயர்களின் தலையில் கட்ட வேண்டாம்.

மூட்டுகிற முறை ஒருதரம் கை பழகினால் லேசு. பெட்டியோடு வருகிற குட்டிப் பிளாஸ்ரிக் கிண்ணத்தால் எரிபொருளை அளந்து பஞ்சில் விட வேண்டும். நிறைய விட்டால் பர்னரின் இழையில் ஏறி நனைத்துவிடும், பிறகு பற்றவே பற்றாது. விட்டபின் பெட்டியை நிமிர்த்தி வைத்துக் கொஞ்ச நேரம் ஊற விட்டு, வெளியில் வழிந்ததைத் துடைத்து, பர்னரைப் பூட்டி, லைற்றர் நெருப்பை அந்த வெள்ளை இழையில் ஒரு பத்து எண்ணும்வரை பிடியுங்கள். பற்றிவிட்டதா என்று கண்ணால் தெரியாது, அதுதான் புதிதாய் வாங்கியவர்களுக்கு எரிச்சல். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றி பர்னருக்கு மேலே பிடியுங்கள். கண்ணாடியில் புகார் படிந்தால் எரிகிறது என்று அர்த்தம், அந்த நீராவிதான். பிறகு மூடியைப் போட்டு, கூட வந்த துணிப் பைக்குள் விட்டு, ஜக்கெற் பொக்கெற்றுக்குள் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கணகணப்பு ஏறும், சும்மா இல்லை, வெறும் உலோகத்தைக் கையில் வைத்திருக்க முடியாத அளவுக்கு ஏறும். அந்தப் பையைத் தொலைத்தால் சாமான் பாதி போச்சு.

இன்னொன்று, இதற்கும் மூச்சு வேண்டும். இறுக்கமான காற்சட்டைப் பொக்கெற்றுக்குள் அடைத்துவைத்துக்கொண்டு இருந்தால் காற்றுப் போதாமல் அணைந்துவிடும். ஜக்கெற்றின் உட்பொக்கெற் நல்லது, சாரக்காரர்கள் பையோடு சேர்த்து மப்ளரில் முடிந்து நெஞ்சோடு விட்டுக்கொள்ளலாம். என் பக்கத்து வயல்காரப் பெரியவர் ஒருநாள் இரவு என் சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "உதென்ன தம்பி, மடிக்குள்ள நெருப்பு வைச்சுக்கொண்டு திரியிறாய்?" என்று கேட்டார். கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திப் பிடித்திருந்தார், பிறகு முழங்காலில் வைத்தார், அதற்குப் பிறகு விடியும்வரை எனக்கு அது திரும்பிக் கிடைக்கவில்லை.

காவலுக்குப் போகிறவன் கொட்டிலடியில் நெருப்பு மூட்டுவானே, பிறகு எதற்கு இது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்ல வீரைக் கட்டையோ பாலைக் கட்டையோ காய்ந்தது கிடைத்தால் நெருப்பை அடிக்க ஒன்றும் இல்லை, பன்றியும் கிட்ட வர யோசிக்கும், பிளேன்ரீயும் வைக்கலாம். ஆனால் நெல்லுக்குக் காவல் வேண்டிய காலமும் எங்களுக்கு மழை கொட்டுகிற காலமும் ஒன்றாகத்தானே வருகின்றன? ஊறின விறகு புகையும், கண் எரியும், ஒரு தூறலில் எல்லாம் நூர்ந்துபோகும். அப்படிப்பட்ட இரவில்தான் இந்தப் பெட்டி பிழைப்பைப் பார்க்கிறது. யானை வந்தால் இதைக் காட்டி விரட்ட முடியாது, அதற்கு யானை வெடிதான். ஆனால் அந்த வெடியின் திரியைக் கொளுத்துவதற்கு விரல் மடங்க வேண்டுமே, விறைத்த கையோடு நனைந்த நெருப்புக்குச்சியை உரசிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். (யானை வெடியையும் இதையும் ஒரே பொக்கெற்றில் போடவேண்டாம் என்று நான் எழுதித்தான் தெரியவேண்டுமா? நெருப்புப்பெட்டியையும் போடாதீர்கள், அந்த நீராவியில் நமுத்துப்போகும்.)

வயலை விட்டால், விடியப்புறம் குளத்தில் வலை எடுக்கிறவர்களுக்கும் உதவும். வள்ளத்தில் நெருப்பு மூட்ட வழியில்லை. ஆனால் தண்ணீருக்குள் விழுந்தால் கதை முடிந்தது, பஞ்சும் இழையும் காய்ந்து திரும்ப உயிர் வர நாள் எடுக்கும். மோட்டார் சைக்கிளில் ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளம் வீதியால் நாலு மணிக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய சுகம் என்று சொல்லமாட்டேன். நெஞ்சுக்கு இதமாக இருக்கும், ஹான்டிலைப் பிடிக்கிற விரலுக்கு ஒன்றும் செய்யாது. அதற்கு ஒரு சோடிக் கையுறை போதும், காசும் குறைவு.

இப்போது முக்கியமான விஷயம், எரிபொருள். இந்தப் பெட்டியை வன்னியில் வைத்திருப்பதில் உள்ள முழுத் தலையிடியும் இதுதான். இதற்கு வேண்டியது லைற்றருக்கு விடுகிற சுத்தமான பெற்றோல், ஜப்பான்காரர் பென்சின் என்று விற்பார்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களிடம் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லலாம், எரிபொருளைச் சொல்ல முடியாது, விமானத்தில் எந்தப் பையிலும் அதை ஏற்ற விடமாட்டார்கள். ஆகவே கொழும்புக்குப் போய் வருகிற யாரிடமாவது லைற்றர் எண்ணெய் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் காஸ் லைற்றர் குவிந்து கிடக்கும், இந்த எண்ணெயைக் கேட்டால் மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தருவார்கள்.

மண்ணெண்ணெய் சரிவராது. இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் நம்புவதில்லை, நம்பாததற்கும் காரணம் இருக்கிறது. போர் நடந்து பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ரார்ட் பண்ணி, மிச்சத் தூரம் முழுக்க மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய சனம் இது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து ஒரு கரண்டி எண்ணெயில் இரவெல்லாம் விளக்கு எரித்த சனம். அவர்களிடம் போய் இந்தப் பெட்டி மண்ணெண்ணெயில் வேலை செய்யாது என்றால், உனக்குச் செய்யத் தெரியவில்லை என்பார்கள். ஆனால் கணக்கு வேறு. மோட்டார் சைக்கிளில் சூடேறிய எஞ்சின் மண்ணெண்ணெயை ஆவியாக்கிக் கொடுக்கிறது, விளக்கில் திரி உறிஞ்சிக் கொடுக்க நெருப்பு எரிக்கிறது. இங்கே எண்ணெய் தானாக, இளஞ்சூட்டில் ஆவியாகி மேலே வரவேண்டும், மண்ணெண்ணெய் அந்தச் சூட்டில் போதியளவு ஆவியாகாது. பஞ்சு நாறிப்போவதுதான் மிச்சம்.

பெற்றோல் நிலையத்துப் பெற்றோல்? பற்றும். அதுதான் ஆபத்து. என் மச்சான் ஒருவன், லைற்றர் எண்ணெய் முடிந்த இரவில் மோட்டார் சைக்கிள் ராங்கில் இருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்து விட்டான். நல்லாத்தானே எரியுது மச்சான் என்று எனக்கே பாடம் எடுத்தான். நாற்றம் சட்டையில் ஏறி, தலையிடி வந்து, அடுத்தடுத்த முறை சூடு குறைந்துகொண்டே போய், கடைசியில் லைற்றரை எவ்வளவு நேரம் பிடித்தாலும் இழை பற்றவே இல்லை. வாகனப் பெற்றோலில் கந்தகமும் கலவைகளும் இருக்கின்றன, அவை பிளாற்றினத்தின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். பிறகு நல்ல எண்ணெய் விட்டாலும் பிரயோசனம் இல்லை, பர்னரையே மாற்ற வேண்டும். தின்னரும் வேண்டாம்.

செலவு என்று பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. ஹக்கின் பெட்டி 25 மில்லி லீற்றரில் 24 மணித்தியாலம் எரியும் என்கிற கணக்கு, ஒரு கிண்ணத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலம். அப்படியென்றால் 125 மில்லி லீற்றர்ப் போத்தல் ஒன்று பத்து இரவுக்குக் காணும். மலிவுப் பிரதி அவ்வளவு சிக்கனம் இல்லை. என்னுடையதில் பர்னர் கழுத்தில் இறுக்கமாக உட்காராது, அந்த இடைவெளியால் ஆவி வீணாகப் போகிறது, விடியமுதல் ஆறிவிடும். குறட்டால் கழுத்தை மெல்ல நெருக்கி விட்டபின் பரவாயில்லை. தேவைக்கு மட்டும் விடுங்கள், ஏனென்றால் இடையில் நிறுத்தி மிச்சம் பிடிக்கிற வசதி இல்லை. பர்னரைக் கழற்றினால் எரிவது நிற்கும், ஆனால் பஞ்சில் உள்ளது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு போய்க்கொண்டேதான் இருக்கும்.

வீட்டுக்குள் வைத்துக்கொண்டு படுக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வெளியில் காற்றாட இருக்கும்போது ஒன்றும் இல்லை. ஜன்னல் எல்லாம் சாத்திய அறையிலோ, கண்ணாடி ஏற்றிய வானுக்குள்ளோ, சரியாக எரியாத பர்னர் காபனோரொட்சைட்டையும் விடும், அதற்கு மணமும் இல்லை. அதோடு நித்திரையில் ஒரே இடத்தில் தோலோடு கிடந்தால் உணராமலே சுட்டு, காலையில் கொப்பளம் தெரியும். சலரோகக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவு என்பதால் இன்னும் கவனம். பிள்ளைப்பெற்ற வீட்டுக்கு நெருப்புச்சட்டிக்குப் பதிலாக இதைக் கொண்டுபோகலாமா என்று எங்கள் மாமி கேட்டா. வேண்டாம் மாமி என்றுதான் சொன்னேன், குழந்தை இருக்கிற அறைக்குள் பெற்றோல் மணம் எதற்கு?

பற்றரியில் சூடாகிறதும் இப்போது வருகிறது, சார்ஜ் போட்டால் சில மணித்தியாலம் நிற்கும். சந்தைக்குப் போகிறவருக்கு, விடியக் கோயிலுக்குப் போகிற அம்மாவுக்கு அது காணும், எண்ணெய் தேடி அலையவும் வேண்டாம். வெளிநாட்டில் இருந்து வரும் இரும்புத்தூள் பைக்கற்றுகளும் இருக்கின்றன, உடைத்தால் தானாகச் சூடாகும், ஒருதரம் பாவித்து எறிய வேண்டியதுதான், வயலில் குப்பை. மாலை ஆறு மணியில் இருந்து விடியும்வரை வெளியில் குந்தியிருக்கிறவனுக்கு மட்டும்தான் இந்தப் பெற்றோல் பெட்டியைத் துணிந்து சொல்வேன்.

வாங்குவதென்றால் கொண்டுவருகிறவரிடம் மேலதிகமாக ஒரு பர்னரும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், அது காற்சட்டைப் பொக்கெற்றில் வருகிற அளவுச் சாமான், இங்கே ஒரு கடையிலும் கிடைக்காது. பெட்டியைப் பயணப்பையில் வைக்கமுதல் பஞ்சு முற்றாகக் காய்ந்திருக்க வேண்டும், புதுப்பெட்டி என்றால் பிரச்சினை இல்லை. யாராவது பாவித்ததைத் தருகிறேன் என்றால், முதலில் என்ன எண்ணெய் விட்டவர் என்று கேளுங்கள்.