ஒளிரும் அட்டைத் தேவாலயம்: வெட்டில் நேர்த்தி, விளக்கில் கோட்டை விட்ட கிட்

கிறிஸ்துமஸ் பரிசாகக் கையால் செய்து கொடுப்பதற்கென்றே விற்கப்படும் ஒளிரும் அட்டைக் கட்டட கிட் ஒன்றை, 600 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் இணையத்தில் வாங்கி, செய்து முடித்து, உரியவரிடம் கொடுத்தும் விட்ட பிறகு இதை எழுதுகிறேன். ஏறத்தாழ ஒரு சாண் உயரமுள்ள ஒற்றைக் கோபுரத் தேவாலயம் அது. லேசரால் வெட்டிய அட்டைத் துண்டுகள், ஜன்னல்களுக்கான வண்ணக் கண்ணாடித்தாள், கூரைப் பனிக்கு ஜிகினாத் தூள், பட்டன் செல்லில் எரியும் ஒரு சிறிய எல்.இ.டி சரம் ஆகியவை பெட்டிக்குள் இருந்தன. இதே வடிவத்தை வெவ்வேறு பெட்டிகளில் பல கடைகள் விற்பதால், விற்றவர் யார் என்பதைவிடப் பொருள் எப்படி என்பதே வாங்குபவருக்குப் பயன்படும்.

இந்த வகைப் பொம்மைக் கட்டடத்துக்கு ஒரு பழைய மரபு உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1741-இல் பெத்லகேம் என்ற ஊரை நிறுவிய மொராவிய சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினர், கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி முழு ஊரையே சிற்றுருவில் அமைக்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர். (அதே சபையினர் 1760 முதல் நம் தரங்கம்பாடியிலும் ஒரு குடியிருப்பை நடத்தியிருக்கிறார்கள்.) பின்னர் 1920-களிலும் 30-களிலும் ஜப்பானில் செய்யப்பட்ட சிறிய அட்டை வீடுகள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குச் சென்று மலிவு விலைக் கடைகளில் விற்றன, இரண்டாம் உலகப் போர் அந்த வணிகத்தை நிறுத்தியது. அந்த வீடுகளின் பின்சுவரில் ஒரு வட்டத் துளை இருக்கும். மரத்தில் சுற்றியிருக்கும் விளக்குச் சரத்திலிருந்து ஒரு பல்பை அந்தத் துளைக்குள் செருகினால் வீடு ஒளிரும். பல்பு போனால் உருவி மாற்றிவிடலாம். சூடேறும் பல்பை அட்டைக்குள் வைப்பதில் ஆபத்து இருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் விளக்கு ஒருநாள் அணையும், அதை வீட்டுக்காரர்தான் மாற்ற வேண்டும் என்று அந்த வடிவமைப்பாளர் யோசித்திருக்கிறார். நான் வாங்கிய கிட்டைச் செய்தவர் அதை யோசிக்கவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வெட்டு மிகத் துல்லியம். சுவர்களுக்கு 2 மில்லிமீட்டர் கனமுள்ள சாம்பல் நிற அட்டை, அதாவது புத்தகம் கட்டுபவர்கள் பயன்படுத்தும் கிரே போர்டு. ஜன்னல் சட்டங்களுக்கும் கூரை ஓடுகளுக்கும் மெல்லிய வெள்ளை அட்டை. கோதிக் பாணிக் கூர்முனை ஜன்னலை இந்த அளவில் கட்டர் கத்தியால் வெட்டுவது எவ்வளவு சிரமம் என்பது வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்; கொடுத்த விலையில் பெரும்பகுதி இதற்கே தகும். லேசர் பட்ட விளிம்புகளில் கருகல் இருக்கிறது. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டாவிட்டால் அந்தக் கரி விரலில் ஏறி, விரலிலிருந்து வெள்ளை அட்டைக்குப் போகும். இதைப் பற்றிச் செய்முறைத் தாளில் ஒரு வரியும் இல்லை.

ஃபெவிகாலைப் பற்றியும் தாள் எதுவும் சொல்லவில்லை. நீர் கலந்த பசையைத் தாராளமாகப் பூசினால் அட்டை ஒரு பக்கமாக வளைந்துகொள்ளும். அதிலும் வடகிழக்குப் பருவமழை விடாத டிசம்பர் மாதச் சென்னையில் அட்டை ஏற்கெனவே ஈரத்தை உறிஞ்சித்தான் இருக்கும். விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாகப் பசையிட்டு, மூலைகளைச் சரியான கோணத்தில் நிறுத்தி, காயும்வரை பாரம் வைப்பதே வழி. வண்ணம் பூசுவதானால் சுவரின் இரு பக்கமும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபடியும் வளைவுதான்.

ஜன்னலுக்குக் கொடுத்திருக்கும் கண்ணாடித்தாளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைப்பேன். அது ஒளியைப் பரப்பாமல் அப்படியே ஊடுருவ விடுவதால், உள்ளே இருக்கும் எல்.இ.டி ஒவ்வொன்றும் ஊசிமுனைப் புள்ளியாகத் தெரிகிறது, கம்பியும் தெரிகிறது. பின்னால் ஒரு அடுக்கு பட்டர் பேப்பர் ஒட்டியதும் ஜன்னல் முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தது. ஒளிக்கசிவு இன்னொரு குறை: கனமான சுவர் ஒளியை மறைக்கிறது, ஆனால் மெல்லிய அட்டைக் கூரை முழுவதும் மங்கலாகச் சிவந்து தெரிகிறது, மூலை இணைப்புகளில் வெளிச்சக் கோடு விழுகிறது. கூரையின் உட்புறத்தில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி, மூலைகளில் கறுப்புத் தாள் பட்டை வைத்தால் இரண்டும் தீரும். அலுமினியம் ஒளியைத் திருப்பியனுப்புவதால் ஜன்னல்களும் கூடுதல் பிரகாசம் பெறுகின்றன.

கிட்டின் உண்மையான பிழை விளக்கில்தான் இருக்கிறது. பட்டன் செல் பெட்டியைத் தேவாலயத்தின் உள்ளே வைத்து, அடித்தட்டை நான்கு பக்கமும் ஒட்டி மூடிவிடச் சொல்கிறது செய்முறைத் தாள். ஸ்விட்ச் மட்டும் ஒரு சிறு பிளவு வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். சிஆர்2032 வகைச் செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் விளக்குக்கு அது கணக்குப்படி 11 மணி நேரம். நடைமுறையில் அதற்கும் முன்பே ஒளி மங்கத் தொடங்கும். ஆக, கிறிஸ்துமஸ் இரவில் ஏற்றிய விளக்கு புத்தாண்டைப் பார்க்காது. பரிசு பெற்றவர் செல்லை மாற்ற வேண்டுமானால் நாம் பாடுபட்டு ஒட்டியதைக் கத்தியால் அறுக்க வேண்டும். வேறு வழியின்றி அடித்தட்டை ஒட்டாமல் விட்டாலோ, திருகாணி இல்லாத அந்தப் பெட்டியிலிருந்து பட்டன் செல் எளிதில் விழும். குழந்தைகள் அதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். பரிசுப் பொருளில் இது அலட்சியமாகக் கடந்துபோகும் குறை அல்ல.

நான் அந்தச் சரத்தை எடுத்துவிட்டு, சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரணப் பொருள்களைக் கொண்டு வேறு விளக்கு அமைத்தேன். மூன்று ஏஏ பேட்டரிகள் கொள்ளும், ஸ்விட்சும் திருகாணி மூடியும் உள்ள பெட்டி ஒன்று. மஞ்சள் சாயலுள்ள வெள்ளை எல்.இ.டி ஒன்று, அதனுடன் தொடராக 100 ஓம் மின்தடை. 4.5 வோல்ட்டில் சுமார் 15 மில்லி ஆம்பியர்தான் ஓடும் என்பதால், ஆல்கலைன் பேட்டரி போட்டால் 100 மணி நேரத்துக்கும் மேல் தாங்கும். பின்சுவரில் பழைய ஜப்பானிய வீடுகளைப் போலவே ஒரு துளையிட்டு, பட்டர் பேப்பர் குழலுக்குள் பொருத்திய எல்.இ.டியை அதன் வழியே செருகி, பேட்டரிப் பெட்டியைச் சுவருக்கு வெளியே, பின்புறம் வைத்துவிட்டேன். முன்னால் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. சால்டரிங் பழக்கமில்லாதவர்கள், மின்தடையுடன் ஒயர் இணைத்தே விற்கும் எல்.இ.டியை வாங்கிக்கொள்ளலாம். மெழுகுவர்த்தி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே போகக் கூடாது.

கட்டர் கத்தியில் கை பழகியவர்களுக்கு இந்த கிட் தேவையில்லை. ஒரு கிரே போர்டு தாளும் பொறுமையும் போதும். மற்றவர்கள் வெட்டிய அட்டைக்காக மட்டும் இதை வாங்கலாம், விளக்குக்குத் தனியாகச் செலவு இருக்கிறது என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொண்டு. இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும்: பரிசு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் அந்தத் தட்டையான பெட்டிக்குள் கட்டி முடித்த தேவாலயம் அடங்காது. கோபுரத்தைக் கசக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்குக் கடைசியில் ஒரு செருப்புக் கடைப் பெட்டிதான் உதவியது.